சோடி மோதிரம்

அந்த வீட்டில் எந்தப் பொருளும் ஓரிடத்தில் நிலைத்து இருந்து நான் கண்டதில்லை.

மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. சுன்னாகத்தில் ஒரு வங்கியில் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்த நேரம். வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பெண்பிள்ளை தினமும் பஸ்ஸில் வந்துபோவது சரிவராது என்று அம்மா எனக்கு அறை தேடினார். தெரிந்தவர் ஒருவர் இந்த வீட்டைச் சொல்லிவிட, இருவரும் பார்க்கப் போனோம். வீட்டுக்கார அன்ரி எங்களோடு கதைத்துக்கொண்டே அறைக்குள் கிடந்த கட்டிலை யன்னல் பக்கம் இழுத்தார். அம்மா வாடகையைக் கேட்டார். அன்ரி பதில் சொல்லிக்கொண்டே கட்டிலைத் திரும்பவும் சுவர்ப் பக்கம் தள்ளினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பிள்ளை, உந்தத் தலைமாட்டை ஒருக்காப் பிடி. உது உதிலை வேண்டாம்."

அறை எனக்குத்தான் என்று பேசி முடிப்பதற்கு முன்பே நான் அந்த வீட்டுக் கட்டிலைத் தூக்கியாகிவிட்டது.

திரும்பி வரும்போது அம்மா சொன்னார், "நல்ல மனிசி. ஆனால் சரியான அந்தரம் பிடிச்ச மனிசி."

அடுப்பில் பால் பொங்கப் போகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், பஸ் புறப்படப் போகிறது, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒருவர் எப்படி இருப்பாரோ, அன்ரி எப்போதும் அப்படி இருந்தார். தேநீரை நின்றபடி குடிப்பார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் குசினிக்கும் இடையில் நடந்தபடி சாப்பிடுவார். அவர் மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் கடைசி வாங்குப் பலகையில், கதவுக்குக் கிட்ட இருப்பார். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே வந்து மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். தொலைக்காட்சியில் நாடகம் பார்க்கும்போதும் நின்றுதான் பார்ப்பார். "இருங்கோவன் அன்ரி" என்றால், "இருந்தால் எழும்பவேணுமெல்லே" என்பார்.

வீட்டிலிருந்த சாமான்கள்தான் அதிகம் பாடுபட்டன. பெரிய அலுமாரி ஒரு மாதம் விறாந்தையில் நிற்கும், அடுத்த மாதம் சாமான் அறையில் நிற்கும். சாப்பாட்டு மேசை கிழக்கு மேற்காகக் கிடந்தது ஒரு நாள் தெற்கு வடக்காகிவிடும். ஒருமுறை நான் வேலை முடிந்து வந்து என் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே தையல் மெசின் நின்றது. என் கட்டில் அடுத்த அறையில் விரித்து, தலையணை போட்டு, ஆயத்தமாகக் கிடந்தது. "அங்கை காத்து நல்லா வரும் பிள்ளை" என்றார். ஒரு மாதத்தில் திரும்பவும் பழைய அறைக்கு வந்தேன். அங்கும் காற்று நல்லாக வரும் என்றார்.

அங்கிள் இதற்கு நேர்மாறு. வீட்டுக்கு முன்பக்கம் றோட்டைப் பார்த்தபடி ஒரு சிறிய கொட்டகையில், தோட்டக்காரர்களின் தண்ணீர் இறைப்பு மெசின்களைத் திருத்தும் கடை வைத்திருந்தார். காலையில் ஒரு மரக்குற்றியில் இருந்தாரென்றால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். கதையும் குறைவு. மெசினைக் கொண்டு வருகிறவர்கள் அரைமணி நேரம் குறை சொல்லி முடித்த பிறகு, "வைச்சிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொல்வார். மத்தியானம் வீட்டுக்குள் வந்தால் மேசை எங்கே கிடக்கிறதென்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அங்கே போய் இருப்பார். ஒருநாள் மின்சாரம் நின்ற நேரம், பழைய இடத்தில் கதிரை இருக்கிறதென்று நினைத்து இருக்கப்போய் நிலத்தில் விழுந்துவிட்டார். அன்ரி பதறிக்கொண்டு விளக்கோடு ஓடிவந்தார். அங்கிள் நிலத்தில் இருந்தபடியே, "இப்ப கதிரை எதிலை?" என்று கேட்டார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்ரி அன்று சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

அங்கிள் சைவம். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கலியாணம். இரண்டு வீட்டிலும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அதனால் கோயிலும் இல்லை, மணவறையும் இல்லை, தாலியும் இல்லை. பதிவாளரின் கந்தோரில் எழுத்து மட்டும் நடந்தது. அந்தக் கதையை அன்ரி ஒருநாள் வெங்காயம் உரித்தபடி, குசினிக்குள் நடந்தபடி எனக்குச் சொன்னார்.

"கையெழுத்து வைச்சாச்சு. பதிவாளர் ஐயா நிமிர்ந்து பாத்து, 'மோதிரம் மாத்தேல்லையோ?' எண்டு கேட்டார். எங்களிட்டை எங்காலை மோதிரம்? சாட்சிக்கு வந்த இவரின்ரை சிநேகிதனும் பெண்சாதியும் தங்கடை கையிலை கிடந்ததைக் களட்டித் தந்தினம். மாத்தினம். பிறகு பக்கத்துக் கடையிலை பிளேன்ரீ குடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்திட்டம். அந்த மோதிரம் என்ரை விரலிலை ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரந்தான் இருந்தது."

"பிறகு நீங்கள் செய்விக்கேல்லையோ?"

"முதல் வசதியில்லை. பிறகு இடம்பெயர்ந்து திரிஞ்சம். பிறகு மகள் பிறந்திட்டாள். பிறகு கேட்டால், மெசின் பெல்ற்றிலை மோதிரம் பிடிச்சால் விரல் போயிடும் எண்டார். விட்டிட்டன்."

ஆனால் விட்டிருக்கவில்லை. நான் அங்கே குடியிருந்த இரண்டாவது வருடம், சித்திரை முடிந்து சோளகக் காற்று தொடங்கிய நாட்களில், அன்ரி ஒரு மத்தியானம் வங்கி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிறிய கைப்பை. அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சோடி தங்கக் காப்பு.

"ஆனியிலை எங்களுக்கு முப்பதாவது கலியாண நாள். சோடி மோதிரம் செய்விக்கப் போறன். சாப்பாட்டு நேரந்தானே, பத்தரிட்டை என்னோடை ஒருக்கா வா."

சுன்னாகச் சந்தையைத் தாண்டி ஒரு நகைக்கடையின் பின்னறையில் பத்தர் வேலை செய்துகொண்டிருந்தார். நடுத்தர வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்ன மாதிரி வேணும் என்று கேட்டார். ஒரே மாதிரி இரண்டு, வெறும் வளையம், உள்ளே பெயர் வெட்டவேண்டும் என்றார் அன்ரி. பத்தர் காப்பை நிறுத்துப் பார்த்துவிட்டு, பத்து நாளில் வரச்சொன்னார். எல்லாம் ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு கெதியாக ஒரு விஷயத்தை அன்ரி முடிவெடுத்ததை நான் பார்த்ததில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாளே வங்கி வாசலில் நின்றார். பெயர் உள்ளே இருந்தால் யாருக்குத் தெரியும், வெளியே வெட்டச் சொல்லவேண்டும் என்றார். இரண்டு நாள் கழித்து, பெயரே வேண்டாம், அது ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் கையில் கட்டும் துண்டு மாதிரி இருக்கும் என்றார். அதற்குப் பிறகு ஒன்றில் சிலுவையும் மற்றதில் வேலும் போடுவதென்று வந்தது.

பத்தர் கேட்டார், "அப்ப சிலுவை உங்களுக்கு, வேல் ஐயாவுக்கு."

"இல்லை. சிலுவை அவருக்கு, வேல் எனக்கு."

பத்தர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அன்ரி மட்டும் சந்தோஷமாக நின்றார். அந்தச் சந்தோஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது. வேல் மோதிரத்தோடு கோயிலில் கை கூப்பினால் மாதர் சங்கத்தார் என்ன சொல்வார்களென்று யோசனை வந்து, அதுவும் போயிற்று.

விரல் அளவு எடுத்தது இன்னொரு கூத்து. அங்கிளுக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்பது அன்ரியின் எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிள் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். அன்ரி தையல் நூலோடு பூனை மாதிரிப் போய், அவருடைய மோதிர விரலில் சுற்றினார். நான் கதவில் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாது. அந்த வீட்டில் பார்த்துவிட வேறு ஒருவருமில்லை. நூல் விரல் மூட்டு மொளியில் இறுகியபோது அங்கிளின் குறட்டை நின்றது. அன்ரி அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை திரும்பவும் தொடங்கியது. முதலில் இருந்ததைவிடச் சத்தமாகத் தொடங்கியது.

பத்தர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். ஒரு பூக்கொடியை இரண்டாகப் பிரித்து, பாதியை ஒரு மோதிரத்திலும் மற்றப் பாதியை மற்றதிலும் செதுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கொடி முழுதாகும். கடதாசியில் கீறிக் காட்டினார். வடிவாக இருந்தது. அன்ரிக்கும் பிடித்தது. காப்பை உருக்கி, கம்பி இழுத்து, பத்தர் வேலையைத் தொடங்கிவிட்டார். கலியாண நாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இனி முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், செதுக்குவதை நிறுத்தச் சொன்னார்.

"ஏனம்மா?" என்றார் பத்தர்.

"தனிய நிண்டால் அரைவாசிதானே தெரியும். பாக்கிற ஆக்களுக்கு அது என்னெண்டு விளங்காது."

பத்தர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அம்மா, தங்கத்தை உருக்கலாம். என்னை உருக்காதையுங்கோ. ஒவ்வொரு தரம் உருக்கேக்கையும் கொஞ்சம் குறையும். இப்பிடியே போனால் கடைசியிலை ஊசிக்குத்தான் காணும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எதிரே ஒரு லொறியில் வெங்காய மூட்டைகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சோளகம் அள்ளிக்கொண்டு வந்த வெங்காயச் சருகு எங்கள் உடுப்பெல்லாம் ஒட்டியது. அன்ரி என் தோளிலிருந்து அதைத் தட்டிவிட்டபடி, இரண்டு பஸ்ஸைப் போகவிட்டார்.

"பிள்ளை, எனக்கு விசா வந்திட்டுது."

மகள் கனடாவில் இருந்தார். இரட்டைப் பிள்ளைகள் பிறக்க இருந்தார்கள். மருமகனுக்கு இரவு வேலை. அவருடைய தாய் உயிரோடு இல்லை. மகள் ரெலிபோனில் ஒவ்வொரு நாளும் அழுவதை நானும் கேட்டிருக்கிறேன்.

"அங்கிளுக்கும் வந்திட்டுதோ?"

"அவருக்கு விசாவுக்குப் போடேல்லையே. மகள் ரண்டு பேருக்கும் போட வெளிக்கிட்டவள். இவர்தான் 'என்னாலை அங்கை வந்து யன்னலுக்காலை பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. உமக்கு விருப்பமெண்டால் போம்' எண்டார். கோவத்திலை சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னார்."

"விசா வந்தது அவருக்குத் தெரியாதோ?"

"சொல்லேல்லை. மோதிரத்தைப் போட்ட பிறகு சொல்லுவமெண்டு இருக்கிறன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அது வந்து எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தது. "ஆறு மாசம் எண்டு சொல்லுறாள். ஆறு மாசம் எண்டு போன ஆர் பிள்ளை திரும்பி வந்தது? எங்கடை ஒழுங்கையிலை மட்டும் மூண்டு வீட்டிலை மனிசி அங்கை, மனிசன் இஞ்சை."

மோதிரம் முடிந்தால் சொல்லவேண்டும். சொன்னால் போகவேண்டும். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்க இடம் இருந்தும், அன்ரி கம்பியைப் பிடித்துக்கொண்டு மருதனார்மடம் வரை நின்று வந்தார். அங்கிளுக்கு முன்னால் இருந்து சாப்பிடுவதும் அன்றிலிருந்து சங்கடமாகிவிட்டது. அவர் வழக்கம்போல "இண்டைக்கு வேலை எப்பிடி?" என்று கேட்பார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

இரண்டு கம்பியை முறுக்கினாற்போல ஒரு வளையம். கடைசியில் பத்தர் தானாகவே இரண்டு மோதிரத்தையும் அப்படிச் செய்து முடித்து, இனி மாற்றமுடியாது என்று சொல்லி, பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். நான்தான் போய் வாங்கி வந்தேன். அன்ரி வரவில்லை.

கலியாண நாள் ஒரு சனிக்கிழமை. அன்ரி ஆட்டிறைச்சி காய்ச்சினார். கத்தரிக்காய்ப் பால்கறி, பொரியல், பாயாசம் எல்லாம் இருந்தது. சாப்பிட்டது நாங்கள் மூன்று பேர்தான். அங்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் கிறீஸ் போகாது. அன்ரி பெட்டியைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

அங்கிள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். சின்னதை அன்ரியின் விரலில் போட்டார். அது இலகுவாகப் போயிற்று. அவருக்குப் போடும்போது விரல் மொளியில் நின்றுவிட்டது. அன்ரி ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். எண்ணெய் பூசி, இரண்டு பேருமாகத் தள்ளி, ஒருவழியாக ஏற்றினார்கள். "இனி இது வராது" என்றார் அங்கிள்.

அன்ரி நின்றுகொண்டே சொன்னார், "எனக்கு விசா வந்திட்டுது."

"ஓம்."

"என்ன ஓம்?"

"தெரியும்."

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அங்கிள். "ஒண்டரை மாசமா நீர் இந்த வீட்டிலை ஒரு சாமானையும் அரக்கி இடம் மாத்தேல்லை. அப்பவே விளங்கிட்டுது."

நான் சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். அலுமாரி பெரிய வெள்ளிக்கு முன் வைத்த இடத்திலேயே நின்றது. மேசை கிழக்கு மேற்காகவே கிடந்தது. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒரு நாள்கூட அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு இருந்தனான்."

"சரி. இப்ப சொல்லிட்டன். என்ன சொல்லுறியள்?"

அங்கிள் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்தார்.

"மகளுக்கு உதவி வேணும். போட்டு வாரும்."

அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். சாப்பாடு முடியும் வரை எழும்பவில்லை. தண்ணீர்க் கோப்பையை எடுக்கக்கூட எழும்பாமல் என்னிடம் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு கிழமை அந்த வீட்டில் இருந்தது எனக்கு நல்லாக நினைவிருக்கிறது. அன்ரி சூட்கேசை அடுக்குவார், கொட்டுவார், திரும்பவும் அடுக்குவார். மிளகாய்த் தூள், ஒடியல், பயத்தம் பணியாரம், பிள்ளைகளுக்குத் துணி. எல்லாவற்றையும் கட்டில் முழுக்கப் பரப்பிவிட்டு நடுவில் நிற்பார். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்தார்.

"'போட்டு வாரும்.' கேட்டனியே? சந்தைக்குப் போற ஆளுக்குச் சொல்லுற மாதிரி."

"அவர் அப்பிடித்தானே அன்ரி எல்லாத்தையும் சொல்லுறவர்."

"முப்பது வருசம், பிள்ளை. இவருக்காக நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்தனான். ஒருக்காலும் வா எண்டும் சொன்னதில்லை, போகாதை எண்டும் சொன்னதில்லை. நானா வந்தன், இப்ப நானாப் போறன். ஏதாவது சொல்லுற மனிசனெண்டால் விட்டிட்டுப் போகலாம். ஒண்டும் சொல்லாத மனிசனை என்னெண்டு விட்டிட்டுப் போறது?"

அங்கிளின் மோதிரம் உண்மையாகவே கழற்ற வரவில்லை. அவர் வேலை தொடங்கும்போது வயர் சுற்றும் கறுப்பு ரேப்பை அதன்மேல் சுற்றிக்கொள்வார். பின்னேரம் அதை உரிப்பார். அவ்வளவுதான். மெசின் திருத்தினார், சாப்பிட்டார், படுத்தார். எனக்கே அவர்மேல் கோபம் வந்தது.

பயண நாள் வந்தது. விமானம் இரவுதான். ஆனாலும் கட்டுநாயக்கா வரை போகவேண்டும் என்பதால் வான் காலையிலேயே வந்துவிட்டது. அங்கிள் கூடப் போவதாக இல்லை. தோட்டக்காரர் ஒருவரின் மெசின் அன்றைக்குள் முடியவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சூட்கேசுகளைச் சாரதியும் நானும் ஏற்றினோம். அன்ரி மூன்று தரம் வீட்டுக்குள் போய் வந்தார். அடுப்பைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார். எனக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு கடைக் கொட்டகைக்குப் போய், "நான் வெளிக்கிடுறன்" என்றார். அங்கிள் குற்றியில் இருந்தபடி தலையாட்டினார். அவருக்கு முன்னால் மெசின் பிரித்தபடி கிடந்தது.

அன்ரி வானில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாரதி வானை இயக்கினார். வான் கொஞ்சம் நகர்ந்தது.

அப்போதுதான் அங்கிள் வெளியே வந்தார். ஓடி வரவில்லை. ஆனால் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. கையில் நட்டுத் திருகும் சாவி, முழங்கை வரை கிறீஸ், இடுப்பில் வேலைச் சாரம். வானின் யன்னலைப் பிடித்தார்.

"போகாதையும்" என்றார்.

சாரதி வானை நிற்பாட்டினார்.

அன்ரி கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினார்.

"இதைச் சொல்ல இப்பத்தான் உங்களுக்கு நேரம் கிடைச்சுதோ? பத்தர் என்னைக் கண்டால் ஓடுறார். உங்கடை வாய் திறக்குமெண்டு நான் அந்த மனிசனைப் படுத்தின பாடு! ரிக்கற் எடுத்தாச்சு. அங்கை அவள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இப்ப வந்து போகாதையாம்!"

"முதல் சொன்னால் நீர் நிண்டிடுவீர்" என்றார் அங்கிள். "அதுதான் சொல்லேல்லை. மகள் பாவம்."

"அப்ப இப்ப ஏன் சொன்னீங்கள்?"

அங்கிள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "சொல்லாமல் இருக்க ஏலேல்லை."

அன்ரி வாசல் படலை வரை நடந்தார். திரும்பி வந்தார். இன்னொரு தரம் படலை வரை நடந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். சாரதி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "அன்ரி, நேரம் போகுது" என்றார்.

அங்கே மூன்றாவது ஆளாக நிற்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. வேலைக்கும் நேரமாகியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நடந்து சந்திக்கு வந்தேன். எந்தப் பக்கம் போவதென்றாலும் அந்த வான் சந்தியைக் கடந்துதான் போகவேண்டும். சுன்னாகம் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. மரக்கறி வாங்க வந்தவர்களுக்கு இடையில், காற்றுக்குப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். வான் வந்தாலும் எனக்குத் துக்கம், வராவிட்டாலும் கனடாவில் காத்திருக்கும் மகளை நினைத்துத் துக்கம். எது நடக்கவேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது இன்றைக்கும் தெரியாது.

வான் வந்தது. சந்தியில் லொறி ஒன்றுக்காக வேகம் குறைத்தபோது உள்ளே பார்த்தேன். பின் இருக்கையில் அன்ரி இருந்தார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், அதே சாரத்தோடு, அங்கிள் இருந்தார். என்னை இருவரும் காணவில்லை. வான் உரும்பிராய்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.

அன்ரி கனடாவுக்குப் போனார். ஆறு மாதம் என்றது எட்டு மாதமாகியது. ஒழுங்கையில் எல்லோரும் இனி வரமாட்டா என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில் திரும்பி வந்தார். பிறகு போகவில்லை. இப்போது மகள்தான் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்துபோகிறார். எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்து, கலியாணமும் முடிந்து, அந்த வீட்டுக்குப் போய்க் கனகாலமாகிறது. ஆனாலும் அன்ரியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அன்று காலையில் ரெலிபோனில் கேட்ட குரல்தான்.

அன்று பிந்திப் போய் வேலைக் கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். ரெலிபோன் அடித்தது. அங்கிளின் இலக்கம்.

"பிள்ளை, கடையைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டன். மத்தியானம் ஒருக்காப் போய்ச் சாத்திவிடுறியே? அந்தத் தோட்டக்காரர் வந்தால் மெசின் நாளைக்கு அடுத்த நாளெண்டு சொல்லு."

"எதிலை அங்கிள் நிக்கிறியள்?"

"ஆனையிறவு தாண்டிட்டம். இவவை ஏத்திப்போட்டு வாறன்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ரெலிபோன் கை மாறிய சத்தம் கேட்டது.

"பிள்ளை, கடை கிடக்கட்டும்!" அன்ரியின் குரல் அழுது கரகரத்திருந்தது. ஆனால் அந்த அவசரம் அப்படியே இருந்தது. "உந்த மனிசன் காலிலை செருப்பும் இல்லாமல் வந்து ஏறியிருக்குது. நான் இப்பத்தான் குனிஞ்சு பாக்கிறன். வெறுங்காலோடை என்னெண்டு எயாப்போட்டுக்குள்ளை போறது? கிளிநொச்சியிலை செருப்புக்கடை எங்கை இருக்கு?"

பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட ஒன்று இருக்கிறது என்றேன்.

"கேட்டனீங்களே, பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்டவாம். தம்பி, அதிலை ஒருக்கா நிப்பாட்டும். சரி பிள்ளை, வைக்கிறன், வைக்கிறன். நாங்கள் செருப்பு வாங்கவேணும்."